மிச்சம் இருந்தால் நடைபாதை

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில், "ஒன்பது வருடங்களுக்கு முன் காரை விற்றேன், அதன் பிறகு அதைத் தேடவில்லை" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். வந்து குவிந்த கடிதங்களைப் பார்த்தால், தாலியை விற்றதாக எழுதியிருந்தால்கூட இத்தனை பேர் விசாரித்திருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் நகரமைப்பு அலுவலகம் ஒன்றில் முப்பத்து மூன்று வருடம் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பொறியாளர்கள் வாயால் சொல்வதைக் கோடாக இழுப்பது என் வேலை. முடிவெடுத்தவள் நான் இல்லை. ஆனால் கோடு என் கையால் விழுந்தது. கீழே வரும் பதில்களில் கொஞ்சம் கசப்பு தெரிந்தால் அது அந்தக் கணக்கில் சேர்ந்தது.

*

உங்கள் வீட்டு வாசலில் ரயில் நின்றால் நானும் காரை விற்பேன். பிரதான சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருப்பவன் என்ன செய்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பத்தூர்

கோபம் நியாயமானது, ஐயா. வாசலில் நிற்கவில்லை, குரோம்பேட்டை ஸ்டேஷனுக்கு என் நடையில் ஒன்பது நிமிடம். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. அதை நம்பித்தான் என் அப்பா இங்கே மனை வாங்கினார். நான் காரை விற்றதில் என் நல்ல குணத்துக்குப் பெரிய பங்கு ஒன்றும் கிடையாது. புண்ணியமெல்லாம் தண்டவாளத்துக்கு.

உங்கள் மனைப்பிரிவின் ஒப்புதல் வரைபடம் கிடைத்தால் ஒரு முறை விரித்துப் பாருங்கள். பூங்காவுக்கென்று பத்தில் ஒரு பங்கு இடம் காட்டியிருக்கும், அது சட்டம். தெருக்கள் இருபத்து நாலு அடி, முப்பது அடி என்று போய்ச் சில முட்டுச் சுவரில் முடியும். பஸ் நுழைந்து திரும்பி வெளியே வர ஓர் இடம் காட்டியிருக்கிறதா? நான் வரைந்த எத்தனையோ மனைப்பிரிவுகளில் காட்டியதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. மனைகள் விற்றுத் தீர்ந்து, வீடுகள் எழும்பி, ஆயிரம் குடும்பம் குடியேறிய பிறகு "எங்கள் பகுதிக்குப் பேருந்து வேண்டும்" என்று மனு வரும். அப்போது பஸ் நுழையத் தெரு இருக்காது.

2013-இல் சென்னையில் சிற்றுந்துகள் 'எஸ்' எழுத்துத் தடங்களில் இறங்கியது இந்தக் குறைக்காகத்தான். குறுகிய தெருவில் புகுந்து ஸ்டேஷனில் கொண்டுவிடும் வண்டி. அது பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் கடிகாரம் பார்க்காமல் கிளம்பலாம். நாற்பது நிமிடத்துக்கு ஒன்று என்றால், இரண்டு முறை தவறவிட்டவர் மூன்றாம் மாதம் ஸ்கூட்டர் வாங்குவார், மூன்றாம் வருடம் கார் வாங்குவார். மனு எழுதினால் "பஸ் விடுங்கள்" என்று எழுதாதீர்கள். "எத்தனை நிமிடத்துக்கு ஒன்று" என்பதை எழுதிக் கேளுங்கள்.

அடைமழை நாளில், மூட்டுவலியோடு, நானும் வாடகைக் கார் அழைப்பவள்தான். விற்றது காரை. காரில் ஏற மாட்டேன் என்று விரதம் எடுக்கவில்லை.

*

சாலைகளை அகலப்படுத்தி, முக்கியச் சந்திப்புகளில் மேம்பாலம் கட்டினால் நெரிசல் தீர்ந்துவிடும். அதை விட்டுவிட்டு ஏன் கார் வைத்திருப்பவர்களைக் குற்றவாளி ஆக்குகிறீர்கள்?
– வாசகர், மதுரவாயல்

யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை. மேம்பாலத்துக்கும் நான் விரோதி இல்லை. ஜெமினி மேம்பாலம் திறந்த 1973-இல் நான் பள்ளிச் சிறுமி. அதைப் பார்ப்பதற்கென்றே அப்பா எங்களைப் பஸ்ஸில் அழைத்துப் போனார்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் கேட்டி என்ற நெடுஞ்சாலை. பல நூறு கோடி டாலர் செலவில் 2008-இல் அகலப்படுத்தி முடித்தார்கள். ஓரச் சாலைகளையும் சேர்த்தால் மிக அகலமான இடத்தில் இருபத்தாறு தடங்கள். நம் கிராமத்துக் கண்மாயைவிட அகலம். 2011-லிருந்து 2014-க்குள் அதே சாலையில் காலைப் பயண நேரமும் மாலைப் பயண நேரமும் கூடின. காரணம் மர்மம் இல்லை. பந்தியில் இன்னும் ஒரு வரிசை இலை போட்டால் வாசலில் நின்றவர்களும் வந்து உட்காருவார்கள். நெரிசலுக்குப் பயந்து ரயிலில் போனவர் காரை எடுக்கிறார். நேரம் தள்ளிப் போனவர் நேரத்துக்கே கிளம்புகிறார். "அகலச் சாலை இருக்கிறதே" என்று ஊருக்கு இன்னும் பத்துக் கிலோமீட்டர் வெளியே ஒருவர் மனை வாங்குகிறார். அந்த மனைப்பிரிவிலும் பஸ் திரும்ப இடம் இருக்காது.

சாலை வரையும் விதத்தைச் சொல்கிறேன். நடுக்கோடு போட்டு அதிலிருந்து வெளிப்பக்கமாக மூன்றரை மீட்டர், மூன்றரை மீட்டர் என்று வண்டித் தடங்களை அளந்துகொண்டே போவோம். அதன் பிறகு இருபுறமும் சுவர் வரை ஏதாவது மிச்சம் இருந்தால் அது நடைபாதை. ஒரு சந்திப்புக்கு இப்படி வரைந்தபோது மிஞ்சியது 40 சென்டிமீட்டர். என் தோள் அகலம்கூட இல்லை. "இதில் யார் நடப்பது?" என்று கேட்டேன். "வரைபடத்தில் தெரிந்தால் போதும் அம்மா" என்று பதில் வந்தது. அந்தக் கோட்டையும் இழுத்தேன்.

சுவரிலிருந்து உள்பக்கமாக வரைந்திருந்தால்? முதலில் நடப்பவர், பிறகு மரமும் பஸ் நிறுத்தமும், அடுத்து பஸ் தடம், மிஞ்சியது காருக்கு. அதே சாலை, அதே அகலம். கார்கள் மட்டும் போகும் ஒரு தடத்தில் மணிக்கு அதிகம் போனால் ஆயிரத்து அறுநூறு பேர் கடப்பார்கள். அதே தடத்தைப் பஸ்ஸுக்கு மட்டும் விட்டு, வண்டிகளை அடுத்தடுத்து ஓட்டினால் நாலாயிரத்துக்கு மேல் போவார்கள். சாலை அகலமாகாமலே ஆள் கணக்கு அகலமாகிவிடும். நான் பணியில் இருந்தவரை எந்த வரைபடத்தையும் சுவரிலிருந்து தொடங்கியதில்லை.

*

சென்னையில் டிராம் ஓடியதாமே?
– கல்லூரி மாணவி, திருச்சி

ஓடியது. 1895-இல், இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம். 1953 ஏப்ரலில் நின்றது. நடத்திய கம்பெனி நொடித்துப்போனது. என் பெரிய அத்தை அதில் போயிருக்கிறார். டிராமில் பயணம் செய்த பெருமையைவிட, ஓடுகிற டிராமில் ஏறியதற்காகத் தாத்தாவிடம் அடி வாங்கிய பெருமையைத்தான் அதிகம் சொல்வார்.

*

நடைபாதை இருந்தாலும் நம் மக்கள் சாலையில்தான் நடக்கிறார்கள். இது ஒழுக்கக் கேடு இல்லையா? இவர்களுக்காக ஏன் கோடிகளைக் கொட்ட வேண்டும்?
– வங்கி ஊழியர், தாம்பரம்

இதே கேள்வியை என் தம்பியும் கேட்டான். அவனுக்கு வாயால் பதில் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இன்ச் டேப்பும் நோட்டுப் புத்தகமுமாகக் கிளம்பினேன். என் தெரு முனையிலிருந்து ஸ்டேஷன் படிக்கட்டு வரை.

விதிப்படி நடைபாதை சாலையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. நடக்கத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் விலகிப் போகிற அளவு. இந்திய சாலைக் குழுமத்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டியில் இருக்கிறது. நானே அதைப் பார்த்து வரைந்திருக்கிறேன்.

முதல் இடத்தில் உயரம் 34 சென்டிமீட்டர். என் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே. காரணம், நடைபாதை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மூடி. வடிகால் எவ்வளவு உயரமோ அதுதான் நடைபாதையின் உயரம்; நடப்பவரின் காலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அடுத்து ஒரு வீட்டு கேட். அந்த வீட்டுக் கார் குலுங்காமல் இறங்க நடைபாதையை வெட்டிச் சறுக்கு போட்டிருந்தார்கள். ஆகவே நான் இறங்கினேன், ஏறினேன். அடுத்த கேட், மறுபடி இறங்கினேன், ஏறினேன். அப்புறம் மின்பெட்டி: நடைபாதையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு நின்றது. சாலைக்கு இறங்கிச் சுற்றினேன். ஸ்டேஷன் வருவதற்குள் இருபத்து மூன்று தடவை ஏறி இறங்கினேன். என் எலும்பு மருத்துவர் ஒரு நாளைக்குப் படி ஏறுவது பத்துக்கு மேல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

ஸ்டேஷன் அருகே பூக்காரம்மா. நான் டேப்பை நீட்டியதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "என்னை எழுப்பத்தான் அளக்கிறீர்களா?" என்று கேட்டார். அவர் கூடை எடுத்துக்கொண்ட இடம் அறுபது சென்டிமீட்டர். பக்கத்தில் கம்பி வேலி போட்ட டிரான்ஸ்பார்மர் அதைப்போல் மூன்று மடங்கு. "ஆக்கிரமிப்பு அகற்றம்" என்றால் ஒவ்வொரு முறையும் எழுப்பப்படுவது யார் என்று உங்களுக்கே தெரியும். அன்று இரண்டு முழம் அதிகமாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

நடைபாதை கேட்டில் இறங்கக் கூடாது. காரே நடைபாதையின் உயரத்துக்கு ஏறி, மெதுவாகக் கடந்து, இறங்க வேண்டும். செலவு பெரிதில்லை. யார் யாருக்கு வழிவிடுவது என்பதில் மட்டும் மனம் மாற வேண்டும். சென்னை மாநகராட்சி 2014-இலேயே நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்று ஒரு கொள்கை வகுத்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் அவர்களுக்குப் போக வேண்டும் என்றது. படித்துப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். நடந்து பார்க்கத்தான் டேப் தேவைப்படுகிறது.

தம்பிக்கு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். "எல்லாம் சரி, ஆனாலும் ஒழுக்கம் வேண்டும்" என்றான்.

*

சிங்கப்பூர் போல் கார் மீது கடுமையான வரி போட்டால் ஒரே வருடத்தில் கோவையின் நெரிசல் தீரும் என்கிறேன். சரிதானே?
– மோட்டார் பம்பு தொழிலதிபர், கோவை

பாதி சரி. என் மகள் அங்கே இருப்பதால் அந்த ஊரைக் கொஞ்சம் காலால் அறிவேன்.

வரிக் கதை 1975 ஜூன் மாதம் தொடங்குகிறது. காலை நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் கார் மூன்று வெள்ளிக்கு (அந்த ஊர் டாலர்) ஒரு காகித உரிமம் வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். நுழைவு வளைவுகளின் கீழே காவலர்கள் நின்று கண்ணாலேயே சரிபார்த்தார்கள். கேமராவும் கிடையாது, கணினியும் கிடையாது. ஓட்டுநரையும் சேர்த்து நான்கு பேர் இருந்தால் காசு வேண்டாம். உடனே மனித புத்தி வேலை செய்தது: பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்களை "ஏறுங்கள், ஏறுங்கள்" என்று அழைத்து நான்கு பேர் ஆக்கிக்கொண்டு நுழைந்தார்கள். கட்டண நேரம் தொடங்கும் முன் ஒரு கூட்டம் பாய்ந்து உள்ளே போனது. நகர எல்லையில் காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகக் கட்டிய நிறுத்துமிடங்கள் காலியாகக் கிடந்தன. காரில் இவ்வளவு தூரம் வந்தவன் இறங்கி ஏன் பஸ் மாற வேண்டும்? ஆனாலும் காலை நேரப் போக்குவரத்து நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

அப்போது அங்கே எம்.ஆர்.டி. ரயில் கிடையாது. அது வந்தது 1987-இல். பன்னிரண்டு வருடம் அந்த ஊரைத் தாங்கியது பஸ். "மெட்ரோ வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்பவர்களுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

1990-இல் இன்னொரு பூட்டு போட்டார்கள். கார் வாங்கும் உரிமைக்கே ஏலம். பத்து வருடத்துக்குச் செல்லும் அந்தச் சான்றிதழின் விலை 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கே 1,06,000 வெள்ளியைத் தொட்டது. நம் பணத்தில் அறுபது லட்சத்துக்கு மேல். காருக்கு விலை தனி.

நீங்கள் பார்ப்பது இந்தப் பூட்டை. என் மகள் வீட்டில் நான் பார்த்தது வேறு. அவள் இருப்பது வீவக அடுக்குமாடியில், அதாவது அந்த ஊர் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய குடியிருப்பில். அந்த ஊரில் ஐந்தில் நான்கு பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் வீடுகள் இல்லை, திறந்த கூடம். அங்கிருந்து ரயில் நிலையம் வரை கூரை போட்ட நடைபாதை. ஒரு நாள் பிற்பகல் அங்கே வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. குடையைத் தேடினேன். பேத்தி சிரித்தாள். "எதற்குப் பாட்டி?" செருப்புகூட நனையாமல் நிலையம் போய்ச் சேர்ந்தோம். வழியில் ஒரு படி இல்லை. எனக்கு முன்னால் ஒரு சீன மூதாட்டி காய்கறித் தள்ளுவண்டியை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு போனார். எம்.ஆர்.டி. நிலையங்களிலிருந்து 400 மீட்டர் சுற்றளவில் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இப்படிக் கூரை போடுவது என்று திட்டமிட்டு, 2018-க்குள் தீவு முழுவதும் 200 கிலோமீட்டர் அளவுக்கு முடித்துவிட்டார்கள்.

கோவையில் வரி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காந்திபுரத்தில் இறங்கிய ஒரு பாட்டி மழையில் நனையாமல், படி ஏறாமல், அடுத்த பஸ்ஸில் ஏற வழி செய்துவிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் காசுள்ளவர் வரியைக் கட்டிவிட்டுக் காரில் போவார். மற்றவர் நனைந்துகொண்டு நிற்பார்.

*

எங்கள் தெருவில் கார் நிறுத்தத் தடை போடப் பேசுகிறார்கள். போட்டால் எங்கள் வியாபாரம் படுத்துவிடும். உங்களைப் போன்றவர்கள் எழுதுவதால் வரும் வினை இது.
– ஜவுளிக் கடைக்காரர், மாசி வீதி, மதுரை

அண்ணாச்சி, உங்கள் கடையிலிருந்து கோயில் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தால் உங்கள் ஊரின் பதில் இருக்கிறது. சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை. கல் பாவி நடக்க விட்டிருக்கிறார்கள். அங்கே கடை வைத்திருப்பவர்கள் பட்டினியாகவா கிடக்கிறார்கள்? கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதி போட்டவர்கள் தேருக்கும் நடக்கிற கூட்டத்துக்கும் அளந்து போட்டார்கள்.

நெதர்லாந்தில் குரோனிங்கன் என்ற ஊர். 1977-இல் நகர மையத்தை நான்கு துண்டாக்கி, ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குக் கார் நேராகப் போக முடியாதபடி அடைத்தார்கள். போக வேண்டுமானால் வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றி வர வேண்டும். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் நேர்வழி. வியாபாரிகள் உங்களைப் போலவே கொதித்தார்கள். அடைப்பு இன்றும் இருக்கிறது, கடைகளும் இருக்கின்றன. சென்னை பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதையை அகலமாக்கி வளாகமாகத் திறந்தார்கள். அங்கே மாலையில் போய்ப் பாருங்கள், பெஞ்சில் இடம் கிடைக்காது. குறையும் உண்டு: பக்கத்துச் சந்துகளில் வண்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. தெருவை மட்டும் அழகாக்கிவிட்டு அங்கே வந்து சேரும் வழியைப் பற்றி யோசிக்காவிட்டால் அப்படித்தான் ஆகும்.

ஒரு காரியம் செய்யுங்கள். வரும் சனிக்கிழமை கல்லாவில் ஒரு சிலேட்டு வைத்து, பில் போடும்போது ஒவ்வொருவரிடமும் "எதில் வந்தீர்கள்?" என்று கேட்டுக் கோடு போடச் சொல்லுங்கள். கடை வாசலில் நிற்கும் கார்களில் எத்தனை உங்களுடையது, எத்தனை பக்கத்துக் கடைக்காரருடையது என்றும் ஒரு கோடு போடுங்கள். காரில் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள் என்பது என் கணிப்பு. கணக்கை எனக்கு எழுதுங்கள், கணிப்பு தவறானால் இதே பக்கத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

*

மின்சாரக் கார் வாங்கிவிட்டேன். இப்போதாவது பாராட்டுவீர்களா?
– மென்பொருள் பொறியாளர், சோழிங்கநல்லூர்

புகை இல்லாததற்குப் பாராட்டு, தம்பி. சிக்னலில் உங்கள் கார் பிடிக்கும் இடம் பெட்ரோல் காரின் இடத்தைவிட ஓர் அங்குலம்கூடக் குறைவில்லை.

*

அடுக்ககத்தில் எனக்கு ஒரு நிறுத்துமிடம், வண்டி இரண்டு. இரண்டாவதைத் தெருவில் நிறுத்தினால் எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். தெரு பொதுவானதுதானே?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், அண்ணா நகர்

பொதுவானதுதான். அதனால்தான் உங்களுடையது இல்லை.

ஒரு காரை நிறுத்த இரண்டரைக்கு ஐந்து மீட்டர் என்று வரைவோம், சுமார் 135 சதுர அடி. திருமணமான புதிதில் நானும் கணவரும் சைதாப்பேட்டையில் வாடகைக்கு இருந்த அறை பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. மூத்தவள் அந்த அறையில்தான் தவழ்ந்தாள். அதற்கு மாதா மாதம் வாடகை கொடுத்தோம். அதைவிடப் பெரிய இடத்தை அண்ணா நகரில் வாடகையே இல்லாமல் வைத்திருக்கிறீர்கள். எதிர்வீட்டுக்காரருக்கு எரிச்சல் வராதா?

ஜப்பானில் 1962-லிருந்து ஒரு சட்டம். பெரும்பாலான இடங்களில், வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசில் சான்று வாங்கினால்தான் காரைப் பதிவு செய்ய முடியும். டோக்கியோவின் சந்துகள் நம் மயிலாப்பூர் சந்துகளைவிட அகலமில்லை. ஆனால் இரவில் அவற்றில் கார் நிற்பதில்லை; தீயணைப்பு வண்டி நுழையலாம், பிள்ளைகள் விளையாடலாம். எந்தக் கட்சி இதை இங்கே கொண்டுவரும் என்று கேட்காதீர்கள். கொண்டுவந்தால் முதலில் நீங்கள்தான் எனக்குக் கோபமாக எழுதுவீர்கள்.

*

பெண்களுக்கு இலவசம் என்று விட்டதிலிருந்து பஸ்ஸில் நிற்க இடமில்லை. இதுவா போக்குவரத்துச் சீர்திருத்தம்?
– வாசகர், திருவள்ளூர்

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்மணி முன்பெல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் நான்கு வீடுகளோடு நின்றுகொள்வார். இப்போது பல்லாவரத்தில் சம்பளம் அதிகமான இரண்டு வீடுகளைப் பிடித்திருக்கிறார். பஸ் காசு மிச்சமானது ஒரு பக்கம். வேலை தேடும் வட்டம் பெரிதானது இன்னொரு பக்கம். கார் வைத்திருப்பவருக்குப் பிறந்ததிலிருந்தே அந்த வட்டம் பெரிது, அதனால் கண்ணில் படுவதில்லை.

கூட்டம் உண்மை. சோறு ருசியாக இருக்கிறது என்று பசித்தவர்கள் வந்தால் உலையில் இன்னும் அரிசி போட வேண்டும். பஸ்ஸைக் கூட்டச் சொல்லி நீங்கள் எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

*

மெட்ரோ, பறக்கும் ரயில், மின்சார ரயில், பஸ் எல்லாம் இருக்கிறது. ஆனாலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குள் உயிர் போகிறதே?
– செவிலியர், வேளச்சேரி

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு 2007-இல் வந்தது. அங்கிருந்து பரங்கிமலை ஐந்தே கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்ந்தால் தாம்பரம் மின்சார ரயிலும் மெட்ரோவும் கைக்கு எட்டும். நடுவில் சுமார் 500 மீட்டர் நில வழக்கில் சிக்கி, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் தூண்கள் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. கிளாம்பாக்கத்தில் 2023 டிசம்பர் 30 அன்று அவ்வளவு பெரிய பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். பக்கத்திலேயே தண்டவாளம் ஓடுகிறது. திறந்த அன்று அங்கே ரயில் நிற்க நிலையம் இல்லை.

ஒவ்வொரு துறையும் தன் வரைபடத்தைத் தன் எல்லைக்கோட்டோடு முடித்துக்கொள்ளும். கோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் காகிதம். எங்கள் மேசையிலும் அப்படித்தான். மூட்டையோடும் குழந்தையோடும் ஒருவர் நடப்பது அந்த வெள்ளைக் காகிதத்தில்தான்.

*

பள்ளி வீட்டிலிருந்து 900 மீட்டர். ஒன்பது வயது மகனைத் தினமும் காரில் விடுகிறேன். குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. ஆனால் தனியே அனுப்பப் பயம். என்ன செய்ய?
– ஓர் அம்மா, நங்கநல்லூர்

குற்ற உணர்ச்சி வேண்டாம், அம்மா. பயம் சரியான பயம். நெதர்லாந்து என்றால் சைக்கிள் என்கிறோம். 1971-இல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அவர்களில் நானூறுக்கு மேல் குழந்தைகள். "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்று பெயரே வைத்துக்கொண்டு பெற்றோர்கள் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்ட தெருக்களில்தான் இன்று அந்நாட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குப் போகிறார்கள்.

காலை எட்டரைக்கு உங்கள் பள்ளி வாசலில் பயம் எங்கிருந்து வருகிறது என்று நின்று பாருங்கள். பிள்ளைகளை இறக்கிவிட வந்த கார்களிடமிருந்துதான். உங்களைப் போலவே பயந்த அம்மாக்களின் கார்கள்.

ஒரே நாளில் காரை விட வேண்டாம். ஒரு சனிக்கிழமை மகனோடு அந்த 900 மீட்டரை நடந்து பாருங்கள். எந்த இடத்தில் அவன் கையைத் தானாகப் பிடித்தீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று இடம்தான் இருக்கும்: ஒரு கடப்பு, ஒரு திருப்பம், நடைபாதை அறுந்துபோகிற ஓரிடம். அந்த இடங்களின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து, மகனை ஒரு படம் வரையச் சொல்லி எனக்கு அனுப்புங்கள். சுவரிலிருந்து தொடங்கி வரையச் சொல்லுங்கள். நான் அதை அளவுக்குச் சரிசெய்து, வார்டு கவுன்சிலருக்குக் கொடுக்கிற மாதிரி மையில் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன். பலகையும் பேனாவும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.